சீட்டும் அட்டையும்: மழலையர் சமயக் கல்வியில் இணைசேர் விளையாட்டுகள்
(கேம்பல் பே குடியிருப்பை முன்னிட்டு ஓர் ஆய்வு)

முன்னுரை

எழுத்தறியாப் பருவத்துக் குழந்தைகளுக்குச் சமயக் கதைகளையும் தெய்வப் பெயர்களையும் கற்பிக்கப் பட அட்டைகளைப் பயன்படுத்தும் முறை இன்று பல சமயத்தாரிடமும் பரவியுள்ளது. கவிழ்த்து வைத்த அட்டைகளுள் ஒத்த இரண்டைக் கண்டெடுத்தல், படத்தோடு பெயரைச் சேர்த்தல், தெய்வத்தோடு ஊர்தியைச் சேர்த்தல் என இவ்விளையாட்டுகள் பலவாறு அமைகின்றன. அவற்றுக்கு அடிப்படையாக அமைவது ஒரு மொழியியற் செயலாகும். ஒரு படத்திற்கு ஒரு பெயரே பொருந்தும் என்னும் எடுகோள் இல்லாமல் இணைசேர் விளையாட்டு நடைபெறாது. பல மொழியினரும் பல சமயத்தினரும் ஒரே தெருவில் வாழும் இடத்தில் அவ்வெடுகோள் நிலைபெறுமா என்னும் வினா எழுகின்றது.

இவ்வினாவை ஆராய்வதற்குப் பெரிய நிக்கோபார்த் தீவிலுள்ள கேம்பல் பே பொருத்தமான களமாகும். இக்கட்டுரை இவ்வகை விளையாட்டுகளின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, நிக்கோபாரில் தமிழர் மேற்கொண்ட கல்விப் பணியோடு அதனைத் தொடர்புபடுத்தி, மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல்களை எடுத்துரைக்கின்றது.

1. சொல்லாட்சி

தமிழில் 'சீட்டு' என்னும் சொல் பல பொருள் தாங்கி நிற்பது. பயணச் சீட்டு, ஏலச் சீட்டு, மருந்துச் சீட்டு என்பன அன்றாட வழக்கு. இறைவன் திருமுன் எழுதிப் போட்டு எடுக்கும் 'திருவுளச் சீட்டு' சமய வழக்கு. எனினும் 'சீட்டாட்டம்' என்றவுடன் தமிழர் மனத்தில் தோன்றுவது பணம் வைத்து ஆடும் சூதே ஆகும். திருக்குறள் சூதுக்குத் தனி அதிகாரமே வகுத்துக் கண்டித்துள்ளது. பாரதக் கதையைக் கேட்டு வளரும் குழந்தையும் சூதின் கேட்டை இளமையிலேயே அறிகின்றது.

இக்காரணத்தால் குழந்தைக் கல்வியில் 'சீட்டு' விலக்கப்பட்டு 'அட்டை' இடம்பெற்றது. ஆசிரியப் பயிற்சி நூல்கள் 'பட அட்டை', 'மின்னட்டை' ஆகிய சொற்களை நிலைபெறச் செய்தன. ஆயினும் குழந்தைகளின் வழக்கில் சீட்டு முற்றிலும் மறையவில்லை. ராஜா, ராணி, மந்திரி, திருடன் எனத் தாளில் எழுதிக் குலுக்கிப் போட்டு ஆடும் விளையாட்டில் அது வாழ்கின்றது. வீட்டு வழக்குக்கும் கல்வி வழக்குக்கும் இடையிலான இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளரின் முதற் சிக்கலாகும். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல் வழங்குவதால், மூலத்தில் இல்லாத ஓர் அறச்சார்புத் தெரிவைத் தமிழில் செய்ய நேர்கின்றது.

2. தெய்வ உருச் சீட்டுகள்

சமயமும் சீட்டும் இந்திய மண்ணில் பகைமையோடு மட்டும் வாழவில்லை. பாபர் 1527ஆம் ஆண்டு சிந்து நாட்டு ஷா ஹசனுக்குக் கஞ்சிபாச் சீட்டுகளை அனுப்பியதைத் தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்துள்ளார். அக்பர் அவையில் ஆடப்பெற்ற சீட்டுகளை அபுல் பசல் விவரித்துள்ளார். முகலாயர் வழக்கில் எட்டுத் தொகுதிகளும் 96 சீட்டுகளும் அமைந்தன. இவ்வடிவத்தை இந்து சமயக் கலைஞர் ஏற்றுத் திருமாலின் பத்து அவதாரங்களுக்குப் பத்துத் தொகுதி வகுத்தபோது 120 சீட்டுகள் கொண்ட தசாவதாரக் கஞ்சிபா தோன்றியது. மராட்டியத்துச் சாவந்துவாடியும் வங்காளத்து விஷ்ணுபூரும் இதற்குப் புகழ்பெற்றவை.

வட்ட வடிவிலான இச்சீட்டுகளில் ஒவ்வொரு தொகுதியிலும் அரசன், அமைச்சன் என்னும் இரண்டும் ஒன்று முதல் பத்து வரை எண்ணுச் சீட்டுகளும் உள்ளன. எண்ணுச் சீட்டில் எழுத்து இல்லை. அவதாரத்திற்குரிய அடையாளமே எண்ணுக்கேற்ப வரையப்படும். மூன்று மீன்கள் கொண்ட சீட்டு மச்சாவதாரத் தொகுதியைச் சார்ந்தது என்பதை எழுத்தறியாதவரும் அறிவர். மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராச உடையார் (1794 – 1868) இம்மரபை மேலும் விரித்தார். அவர் காலத்து ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருந்தொகுப்பின் 'கௌதுகநிதி' பகுதி பலவகை ஆட்டங்களை விவரிக்கின்றது. அவற்றுள் 360 சீட்டுகள் கொண்ட ஆட்டமும் ஒன்று. இவை மழலையர்க்கென இயற்றப்பட்டவை அல்ல. எனினும் அடையாளத்தைத் தெய்வத்தோடு இணைக்கும் முறை இங்கேயே முழுமை பெற்றுவிட்டது.

தமிழகத்தில் இதற்கு நிகரான இடம் பரமபத சோபானப் படத்திற்கு உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடப்பெறும் இவ்வாட்டத்தில் ஏணி நற்செயலையும் பாம்பு தீச்செயலையும் குறிக்கும். படத்தின் உச்சியில் பரமபதம் அமையும். பெரியோருடன் அமர்ந்து காய் நகர்த்தும் குழந்தை, கட்டத்தில் எழுதிய பெயரைப் படிக்க இயலாவிடினும் பிறர் சொல்லக் கேட்டு மனத்திற் கொள்கின்றது. 1890களில் இங்கிலாந்துக்குச் சென்ற இவ்வாட்டம் சமயப் பெயர்களை இழந்து வெறும் எண்களோடு திரும்பி வந்தது. பெயர் நீங்கினால் ஆட்டம் எஞ்சும், சமயம் எஞ்சாது என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

இணை சேர்த்தலையே உயிராகக் கொண்ட பழைய ஆட்டம் சப்பானின் 'கை அவாசே' ஆகும். ஒரே சிப்பியின் இரு ஓடுகள் மட்டுமே ஒன்றோடொன்று பொருந்தும் என்னும் இயற்கை உண்மை மீது அது கட்டப்பட்டது. சிப்பியின் இணை இயற்கை தந்தது. படத்திற்கும் சொல்லுக்கும் உள்ள இணை மனிதர் வகுத்தது. இவ்வேறுபாடு பின்வரும் ஆய்வுக்கு இன்றியமையாதது.

3. கொமேனியசு முதல் மாண்டிசோரி வரை

படத்தையும் பெயரையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் முறைக்கு ஐரோப்பாவில் வித்திட்டவர் ஜான் ஆமோஸ் கொமேனியசு. அவருடைய படநூல் 1658ஆம் ஆண்டு நியூரம்பர்க்கில் வெளிவந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்ட படமும் அவ்வெண்ணுக்குரிய இலத்தீன், செருமானியப் பெயர்களும் அதில் தரப்பெற்றன. கடவுளில் தொடங்கிக் கடவுளின் தீர்ப்பில் முடியும் அந்நூல் ஒருவகைச் சமயக் கல்வி நூலுமாகும். கொமேனியசு 'சகோதரர் ஒன்றியம்' என்னும் திருச்சபையின் ஆயர். பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் வழிவந்த மொராவியச் சகோதரரே 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து, அங்கிருந்து 1768இல் நிக்கோபாருக்குச் சென்றனர் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரபெல் 1837இல் தொடங்கிய குழந்தைப் பள்ளியும், ஓய்வுநாள் பள்ளிகளுக்கென அமெரிக்காவில் அச்சிடப்பட்ட வண்ணப்பட அட்டைகளும் உலகெங்கும் பரவின. இந்திய ஓய்வுநாள் பள்ளிகளின் ஒன்றியம் 1876இல் அலகாபாத்தில் அமைந்தது. சென்னையில் 1858 முதல் இயங்கிய கிறித்தவத் தாய்மொழிக் கல்விச் சங்கம் 1891இல் கிறித்தவ இலக்கியச் சங்கம் எனப் பெயர் பெற்றது.

இணைசேர் அட்டைக்கு இன்றுள்ள வடிவத்தை அளித்தவருள் தலையாயவர் மரியா மாண்டிசோரி. அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். அவருடைய பெயரட்டை முறையில் பெயரோடு கூடிய படம், பெயரில்லாப் படம், பெயர் மட்டும் என மூன்று உறுப்புகள் உள்ளன. 'இது இன்னது', 'இன்னது எது', 'இது என்ன' என மூன்று படிகளில் பாடம் நடைபெறும். இதே முறையை அவர் பார்சிலோனாவில் கத்தோலிக்க வழிபாட்டுக் கல்விக்கும் பயன்படுத்தினார். அக்கருத்துகள் 1929இல் ஆங்கிலத்தில் நூலாயின.

பொதுமக்களிடையே இதற்கு இணையான வளர்ச்சி ஒன்று தமிழகத்தில் தானாகவே நிகழ்ந்தது. சிவகாசியில் 1920களில் தோன்றிய தீப்பெட்டித் தொழிலும் அதனையொட்டி வளர்ந்த அச்சுத் தொழிலும் மலிவான வண்ணப் படங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து, ஒத்தவற்றை இணைத்து, மிகுந்தவற்றை மாற்றிக்கொண்ட சிறுவர், ஆசிரியர் துணையின்றியே இவ்விளையாட்டை ஆடினர்.

4. நிக்கோபாரில் தமிழர் கல்விப் பணி

முதலாம் இராசேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டு 'மானக்கவாரம்' என்னும் பெயரால் இத்தீவுகளைக் குறிப்பதை வரலாற்றறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். பெயரளவில் தமிழுக்கு நெடுங்காலம் அறிமுகமான இத்தீவுகளில் கல்விப் பணி மிகப் பிற்பட்டே வேரூன்றியது. நன்கவுரியில் தங்கிய மொராவியச் சகோதரர் காய்ச்சலால் பலரை இழந்து, மொழியையும் நன்கு கற்க இயலாமல், 1787இல் பணியைக் கைவிட்டனர். பட நூல் கண்ட கொமேனியசின் வழிவந்தோர்க்கும் சொல்லறியும் வாயில் அடைபட்டே இருந்தது.

அவ்வாயிலைத் திறந்தவருள் ஒருவர் தமிழரான வேதப்பன் சாலமோன். போர்ட் பிளேயரில் சமயப் பணியாற்றிய இவர் 1890களின் நடுப்பகுதியில் கார் நிக்கோபாரின் மூஸ் ஊரில் குடியேறி, அரசின் முகவராகவும் பள்ளியாசிரியராகவும் சமயப் போதகராகவும் விளங்கினார். அவருடைய மாணவரான ஜான் ரிச்சர்ட்சன் பர்மாவில் கல்வி பெற்றுத் திரும்பி ஆசிரியராகவும் பின்னர் ஆயராகவும் உயர்ந்தார். 1952இல் அமைந்த முதல் மக்களவையில் நியமன உறுப்பினராகவும் இருந்தார். கார் நிக்கோபார் மொழியில் புதிய ஏற்பாடு 1950இலும் முழு விவிலியம் 1969இலும் வெளிவந்தன. ஜார்ஜ் ஒயிட்ஹெட்டின் அகராதி 1925இல் இரங்கூனில் அச்சாயிற்று.

எழுத்தில்லா மொழியைக் கற்கத் தொடங்கும் எவரும் முதலிற் செய்வது ஒரு பொருளைச் சுட்டி அதன் பெயரைக் கேட்பதே. மழலையர்க்கான பெயரட்டை அச்செயலின் சிறு வடிவமாகும். ஆனால் திசை மாறுகின்றது. மொழியறியச் சென்றவர் தீவினரிடம் பெயரைக் கேட்டார். அட்டையோ குழந்தைக்குப் பெயரைத் தருகின்றது. கேட்கும் கருவி கொடுக்கும் கருவியாக மாறும் இவ்விடத்தில்தான் மொழியிழப்புக்கான வாயிலும் திறக்கின்றது.

5. கேம்பல் பேயின் மொழிச்சூழல்

பெரிய நிக்கோபார் சோம்பென் மக்களுக்கும் தென்னிக்கோபாரிய மக்களுக்கும் உரிய தீவு. 1969 முதல் அரசு இத்தீவின் கிழக்குக் கரையில் முன்னாள் படைவீரர் குடும்பங்களைக் குடியேற்றியது. பஞ்சாப், மராட்டியம், ஆந்திரம், கேரளம், தமிழ்நாடு முதலிய மாநிலங்களிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இவ்வாறு வந்தன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 8,000. 2004 திசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த ஆழிப்பேரலை மேற்குக் கரையின் நிக்கோபாரிய ஊர்களை அழித்தது. உயிர் பிழைத்தோர் கேம்பல் பேயை அடுத்த இராசீவ் நகர், புதிய சிங்கென் ஆகிய இடங்களில் தங்கவைக்கப்பட்டனர்.

இதன் விளைவாகச் சில கல் தொலைவுக்குள் பஞ்சாபி, மராத்தி, தெலுங்கு, மலையாளம், தமிழ், நிக்கோபாரியம் பேசும் வீடுகள் அமைந்தன. பொது மொழியாக இந்தி வழங்குகின்றது. நிக்கோபாரியரிடையேயும் இருநிலை உண்டு. விவிலியம் வடகோடியிலுள்ள கார் தீவின் மொழியில் அமைந்தது. தென்தீவினரின் பேச்சு அதனின் வேறானது. எனவே நிக்கோபாரியக் குழந்தைக்கும் வீட்டுச் சொல்லும் திருச்சபைச் சொல்லும் ஒன்றல்ல.

அரசின் முழு நிதியில் இயங்கும் கல்வி நிலையங்களில் சமயப் போதனை கூடாது என்பது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. ஆகவே சமயம் சார்ந்த விளையாட்டுகளுக்குரிய இடங்கள் வீடும், கோயில், குருத்வாரா, ஓய்வுநாள் பள்ளி, மறைக்கல்வி வகுப்பு, மதரசா ஆகியனவுமே. இவற்றில் பயிலும் குழந்தைகள் மாலையில் ஒன்றாக விளையாடுவோர்.

6. இணை பிறழும் இடங்கள்

6.1. ஒரே சமயத்துள் வேறுபாடு: தசாவதார அட்டைகளைத் தமிழ்க் குழந்தையும் மராத்தியக் குழந்தையும் சேர்ந்து அடுக்குவதாகக் கொள்வோம். ஏழாம் அட்டையாகிய இராமன் வரை இருவரும் ஒத்துச் செல்வர். தமிழ் வைணவ மரபில் எட்டாமவர் பலராமர், ஒன்பதாமவர் கண்ணன். மராட்டிய வழக்கில் கண்ணன் எட்டாமவர், புத்தர் ஒன்பதாமவர். தெய்வத்தோடு துணைவியரை இணைக்கும் ஆட்டத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையாகின்றது. தமிழர்க்கு முருகன் வள்ளி தெய்வானை மணாளன், பிள்ளையார் மணமாகாதவர். மராட்டியர்க்குக் கார்த்திகேயர் மணமாகாதவர், கணபதியோ ரித்தி சித்தியரை உடையவர். ஒரு வீட்டில் இணையுள்ள அட்டை அடுத்த வீட்டில் இணையற்றது. அச்சிட்டவரின் மரபு எதுவோ அதுவே 'சரியான விடை' ஆகிவிடும்.

6.2. ஒரே மொழியுள் வேறுபாடு: தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் இந்நிலை சொல்லளவில் காணப்படுகின்றது. பபிரிசியுசு 'பராபரன்' என்றார். 1871ஆம் ஆண்டு ஒன்றிய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்கின்றது. பழைய கத்தோலிக்க வழக்கின் இராயப்பரும் சின்னப்பரும் அருளப்பரும் இன்றைய அட்டைகளில் பேதுருவும் பவுலும் யோவானும் ஆகின்றனர். சின்னப்பர் கதையைப் பாட்டியிடம் கேட்ட குழந்தை 'பவுல்' என்னும் அட்டையைக் கண்டு அவரை வேறொருவராகக் கருதும். ஞானஸ்நானமும் திருமுழுக்கும், சுவிசேஷமும் நற்செய்தியும் இவ்வாறே.

6.3. மூலமொழியின் ஆதிக்கம்: ஆங்கில அட்டைத் தொகுதிகளில் நோவாவின் கலத்திற்கும் உடன்படிக்கைப் பெட்டிக்கும் ஒரே சொல் வழங்குகின்றது. எபிரேயத்தில் இவை வெவ்வேறு சொற்கள். எபிரேயம் நோவாவின் கலத்திற்கு வழங்கும் சொல்லைக் குழந்தை மோசேயை இட்ட கூடைக்கே மீண்டும் வழங்குகின்றது. ஒன்றிய மொழிபெயர்ப்பு இம்மூன்றையும் முறையே பேழை, உடன்படிக்கைப் பெட்டி, நாணற்பெட்டி எனப் பிரித்துக் காட்டும். ஆங்கிலச் சொல்லொற்றுமையை வைத்து அமைத்த இணையைத் தமிழில் அப்படியே கொணர்ந்தால் அது மூலத்திலும் இல்லாத, தமிழிலும் இல்லாத இணையாகும்.

6.4. பொருட்சூழல்: தமிழில் 'ஆடு' என்பது செம்மறிக்கும் வெள்ளாட்டிற்கும் பொதுப்பெயர். இரண்டையும் பிரித்து நிறுத்தும் விவிலிய உவமையின் அட்டையில் பொதுப்பெயர் பயன்படாது. நிக்கோபாரியர் வாழ்வில் ஆட்டுக்கு மரபார்ந்த இடமில்லை. பன்றியே அவர்தம் செல்வம், தென்னையும் தாழையுமே அவர்க்கு உணவு தரும் மரங்கள். 'அத்தி' என்னும் பெயரின் கீழ் மத்தியதரைக் கடற்பகுதியின் கனியை வரைந்தால் தமிழ்நாட்டு அத்தியை அறிந்த பெரியவருக்கே அது பொருந்தாது.

6.5. படமின்மை: இசுலாமியக் கல்வியில் இறைத்தூதரின் உருவத்தை வரைதல் இல்லை. அங்கு அட்டை அரபு எழுத்தையும் பள்ளிவாசல், பேரீச்சை போன்ற பொருள்களையுமே தாங்கும். சீக்கியர்க்குக் குருமுகியின் முப்பத்தைந்து எழுத்துகளைக் கற்றலே திருமறைக்கு முதற்படி. அவ்வெழுத்துத் தொகுதிக்கு 'முப்பத்தைந்து' என்பதே பெயர். எல்லாச் சமயத்துக்கும் ஒரே அச்சில் படஅட்டை வார்க்க முனைவோர் இவ்வேறுபாட்டைக் கருத வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன தெளிவாகின்றன. தெய்வத்தையும் அடையாளத்தையும் இணைக்கும் ஆட்டமரபு இந்தியாவுக்குப் புதிதன்று. படத்தையும் சொல்லையும் இணைக்கும் கல்விமுறை கொமேனியசு வழியாகவும் மாண்டிசோரி வழியாகவும் தமிழகத்தை அடைந்தது. இவ்விரு மரபுகளும் கலந்த இன்றைய அட்டை விளையாட்டு, பன்மொழிக் குடியிருப்பில் ஒரு மொழிபெயர்ப்பு நூலின் பொறுப்பைச் சுமக்கின்றது.

எனவே அட்டைத் தொகுதிகளை ஆக்குவோரும் பெயர்ப்போரும் மூன்று நெறிகளைப் பின்பற்றுதல் நலம். முதலாவது, ஒரு படத்திற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயரட்டைகளை அனுமதித்தல். சின்னப்பரும் பவுலும் ஒரே படத்தில் வந்து சேரலாம். இரண்டாவது, வரிசையும் இணையும் மரபுக்கு மரபு மாறுமிடத்தில் வெற்றட்டை ஒன்றைச் சேர்த்து வீட்டார் நிரப்ப விடுதல். மூன்றாவது, ஆங்கிலத் தொகுதியிலிருந்து இந்தி வழியாகப் பெயர்க்காமல், அந்தந்த மொழியின் திருமறை மொழிபெயர்ப்பிலிருந்தும் வீட்டு வழக்கிலிருந்தும் சொல்லெடுத்தல்.

நூலில் ஒரு சொல் பிழைபட்டால் அடுத்த பதிப்பில் திருத்தலாம். நான்கு வயதுக் குழந்தை தன் தாய் சொன்ன பெயரைக் கூறி, அட்டையில் அது இல்லாமையால் 'தவறு' எனக் கேட்குமாயின், அடுத்த முறை அப்பெயரைச் சொல்லாது. கேம்பல் பே போன்ற சிறு குடியிருப்பில் ஒரு மொழியைப் பேசும் வீடுகள் மிகச் சிலவே. அங்கு ஒரு குழந்தை சொல்லாது விட்ட சொல்லை வேறொரு வீடு காத்து வைத்திருக்கும் என்னும் உறுதி இல்லை.